பன்னிரண்டு சென்டிமீட்டர்

அத்தியாயம் 9

காணாமல் போன மனிதரின் லாக்கரில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. ஒரு அளவு நாடா. சட்டை தைக்கிறவர்கள் வைத்திருக்கும் நாடா அல்ல; கார் சீட்டுக்கு உறை தைக்கிறவர்கள் தோளில் தொங்கவிட்டுக்கொள்ளும் மூன்று மீட்டர் துணி நாடா.

அண்ணி அதைச் சுருள் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் இழுத்துப் பார்த்தாள்.

“மூணு நாளா ஆளைத் தேடுறோம், கிடைச்சது நாடா,” என்றான் கொழுந்தன். “அடுத்த வாரம் ஊசி, அதுக்கடுத்த வாரம் பட்டன். வருஷக் கடைசிக்குள்ள ஒரு சட்டை தேறிடும், அண்ணி.”

அண்ணி சிரிக்கவில்லை. அவன் சொல்வதற்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தால் அவளுக்குத் துப்பறிய நேரம் இருக்காது.

அவள் அவனுக்கு உண்மையிலேயே அண்ணிதான், சொந்த அண்ணனின் மனைவி. விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்துச் சேதம் மதிப்பிடும் சர்வேயராக இருபது வருடம் இருந்துவிட்டு, மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு வெளியே வந்து, மாடியறையில் துப்பறியும் அலுவலகம் போட்டவள். அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு வருகிறவர்களும் அவளை அண்ணி என்றே கூப்பிட, அந்த உறவு முறையில் அவன் ஊருக்கே கொழுந்தன் ஆகிப்போனான். புதுக் கார்களை அடுக்கி ஏற்றிப் போகும் நீள லாரியை ஒன்பது வருடம் ஓட்டியவன். போன வருடம் அந்த வேலை போயிற்று. இப்போது அண்ணிக்கு டிரைவர், எடுபிடி, கேட்காமலே கிடைக்கும் பேச்சுத்துணை.

அவர்கள் நின்றுகொண்டிருந்தது ஒரு கார் தொழிற்சாலையின் பின்கோடியில் இருந்த மைலேஜ் சோதனைக்கூடம். அங்கே வண்டி ஓடும், ஆனால் நகராது. தரையில் பதித்த உருளைகள் மேல் நான்கு சக்கரமும் சுற்ற, டிரைவர் உட்கார்ந்த இடத்திலேயே ஊரைச் சுற்றிவிட்டு வருவார். இப்படி நாள் முழுக்க எங்கேயும் போகாமல் வண்டி ஓட்டுவதுதான் காணாமல் போனவரின் வேலை. அதனாலேயே அவருக்கு அங்கே ‘ரோலர்’ என்று பெயர். செவ்வாய்க்கிழமை காலை வேலைக்கு வந்தவர், சாப்பாட்டு நேரத்தில் வாசலைத் தாண்டிப் போனார். அதற்குப் பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை.

ரோலரின் மனைவி அதே தொழிற்சாலையில் சீட் உறை தைக்கும் பிரிவில் இருந்தாள். வியாழக்கிழமை அழுது வீங்கிய கண்களோடு அண்ணியைத் தேடி வந்தவள் அவள்தான். இன்று சனிக்கிழமை, ஒரு மணியோடு வேலை முடியும் நாள். மேனேஜரிடம் கெஞ்சி இவர்களுக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். நாடாவைக் கண்டதும் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, தன்னுடையதுதான், திங்கட்கிழமையிலிருந்து காணாமல் தேடிக்கொண்டிருந்தேன் என்றாள். லேசர் வைத்து அளக்கிற மனுஷருக்கு என் நாடா எதற்கு என்றும் அவளே கேட்டாள்.

“அதான் நல்ல கேள்வி,” என்றாள் அண்ணி. “லேசர்ல அளந்தா மெஷின்ல பதிவாகும். நாடாவுல அளந்தா அளந்தவர் மனசுல மட்டும்தான் பதிவாகும்.”

நாடாவில் இருநூற்று நாற்பதாவது சென்டிமீட்டரில் நீலப் பேனாவால் ஒரு கோடு இருந்தது. எதுவோ ஒன்று இருநூற்று நாற்பது. அது எது என்பதுதான் பாக்கி. ரோலரின் மனைவி தன் பிரிவில் கடைசி மணி அடிப்பதற்குள் போய்விட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள். கொழுந்தன் நாடாவை எடுத்துக்கொண்டு கதவை அளந்தான், அலமாரியை அளந்தான், நின்றுகொண்டிருந்த காவலாளியின் இடுப்பையும் அளந்துவிடுவான் போலிருந்தது. அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார்.

மேனேஜர் நல்ல மனிதராகவே தெரிந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, கலைந்த தூக்கம். பதினோரு வருடமாக அந்தக் கூடத்தைப் பார்த்துக்கொள்பவர். ரோலரைப் போன்ற உழைப்பாளி கிடையாது, வீட்டில் ஏதாவது மனஸ்தாபமாக இருக்கும், எப்படியாவது கண்டுபிடித்துக் கொடுங்கள் என்றார். கடைசியாக அவர் வேலை செய்த அறையைப் பார்க்க வேண்டும் என்று அண்ணி கேட்டதும் தயங்காமல் அழைத்துப் போனார்.

முதலில் நடைபாதையைப் பார்த்துக் கண்ணாடிச் சன்னல் வைத்த சின்னக் கட்டுப்பாட்டு அறை. மேஜை மேல் பச்சை நாடா கட்டிய ஒரு கோப்பு. மதியம் இரண்டு மணிக்கு அரசாங்கத் தரச்சான்று அலுவலகத்திலிருந்து ஆள் வந்து வாங்கிப் போவாராம். திங்கட்கிழமையிலிருந்து புது மைலேஜ் சட்டம். அண்ணி நடந்தபடியே கோப்பின் மேல்தாளைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்தது ஒரு சாண் கனத்துக்குப் பஞ்சடைத்த கதவு. அதைத் தாண்டினால் சோதனை அறை.

ஜன்னலே இல்லாத வெள்ளைப் பெட்டி அது. உருளைகள் மேல் ஒரு சின்னக் கார் சங்கிலி மாட்டி நின்றது. அதன் புகைக்குழாயிலிருந்து யானைத் துதிக்கை மாதிரி ஒரு தடித்த குழாய் சுவருக்குள் போனது. உள்ளே பேசுவது கட்டுப்பாட்டு அறையில் கேட்பதற்காகக் கூரையில் ஒரு மைக், அதன் பக்கத்தில் பச்சை விளக்கு. சுவரில் வெப்பநிலை காட்டும் எண் பலகை: 23.

கொழுந்தனுக்குக் காரைப் பார்த்ததும் பழைய சிநேகிதனைப் பார்த்த சந்தோஷம். “இந்தக் குட்டியை நான் எத்தனை ஆயிரம் ஏத்தியிருப்பேன் தெரியுமா? இது ஏறினா லாரியில பின் சக்கரம் உருளாம தடுக்கற கட்டையை மூணாவது ஓட்டையில சொருகணும். பெரிய வண்டிக்கு நாலாவது ஓட்டை. கண்ணை மூடிக்கிட்டுச் சொருகுவேன்.”

“இது புது மாடல்,” என்றார் மேனேஜர். “கொஞ்சம் நீளம் கூட்டியிருக்கோம்.”

“இல்லையே சார். இதுவும் மூணாவது ஓட்டைதான்.”

அண்ணி தரையில் மண்டியிட்டாள். முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடுவரை, கட்டைவிரலும் சுண்டுவிரலும் விரித்துச் சாண் போட்டுக்கொண்டே போனாள். சர்வேயராக இருந்த காலத்தில் அவள் டேப் எடுத்துப் போவதே இல்லை. அவளுடைய சாண் இருபது சென்டிமீட்டர், மயிரிழை கூடாது, குறையாது. பன்னிரண்டு சாணில் வந்து நின்றது.

“இருநூத்தி நாப்பது,” என்று எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். “கோப்புல இருநூத்தி ஐம்பத்திரண்டுன்னு போட்டிருக்கு. பன்னிரண்டு சென்டிமீட்டர் எங்க சார் போச்சு?”

மேனேஜர் மறுக்கவில்லை. மறுக்கத் தெம்பில்லாதவர் மாதிரி காரின் மூக்கில் சாய்ந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தார். புதுச் சட்டம் எல்லா வண்டிக்கும் ஒரே மைலேஜ் கேட்கவில்லை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இடைவெளி கூடக் கூட இலக்கைத் தளர்த்துகிறது. பெரிய வண்டி லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் கொடுத்தால் போதும். இந்தக் குட்டி இருபத்து நான்கு கொடுக்க வேண்டும். கொடுப்பதோ இருபத்து இரண்டரை. மீதி ஒன்றரைக்குப் புது இன்ஜின், பேட்டரி என்று சேர்த்தால் விலை எகிறிவிடும். இந்த வண்டியை வாங்குகிறவர்கள் அந்த விலைக்கு வரமாட்டார்கள். பழைய வண்டியையே ஒட்டுப்போட்டு ஓட்டுவார்கள். ஏற்கனவே ஊரில் பழைய வண்டிக்குத்தான் கிராக்கி, ஒர்க்ஷாப்பில் வரிசை நிற்கிறது. கடைசியில் குட்டியைச் செய்கிற பிரிவையே இழுத்து மூட வேண்டியதுதான். காகிதத்தில் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீட்டினால் இலக்கு இருபத்து இரண்டாகிவிடும், வண்டி பாஸ்.

“புகை கிளப்பற வண்டியை நான் விக்கலைம்மா. இது நல்ல வண்டி. சீட் தைக்கிற இடத்துல மட்டும் இருநூத்திப் பன்னிரண்டு பொம்பளைங்க. நான் யாரை ஏமாத்தினேன்?”

கொழுந்தன் காரை விட்டு ஒரு அடி தள்ளி நின்றான். அவனுடைய லாரி அதிகம் ஏற்றியது இந்தத் தொழிற்சாலை வண்டியை அல்ல, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தொழிற்சாலை வண்டியை. அவர்களும் ஒரு குட்டிக் கார் செய்தார்கள். சட்டம் வரப்போகிறது என்று தெரிந்ததும் முன்கூட்டியே புது இன்ஜின் போட்டார்கள், விலையை ஏற்றினார்கள். ஜனங்கள் விலையைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வந்தார்கள். அங்கே ஒரு ஷிப்டு நின்றது. பதினான்கு லாரிகளில் ஒன்பது நின்றன. ஒன்பதில் ஒன்று அவனுடையது. நாம் என்ன தப்பு செய்தோம் என்று ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தான். இப்போதுதான் தெரிந்தது, தப்பு செய்யாததுதான் தப்பு.

அவன் முகத்தை அண்ணி பார்த்தாள். பிறகு மேனேஜரிடம் திரும்பினாள். ரோலர் திங்கட்கிழமை மனைவியின் நாடாவை எடுத்து வந்து அளந்து பார்த்திருக்கிறார், உங்களிடம் கேட்டிருக்கிறார், நீங்கள் இந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கதையை அவரிடமும் சொல்லியிருப்பீர்கள் என்றாள். மேனேஜர் தலையசைத்தார். செவ்வாய்க்கிழமை அதைக் கேட்டுவிட்டு எழுந்து போனவர்தான், எங்கே போனார் என்று சத்தியமாகத் தெரியாது என்றார்.

“ரெண்டு மணிக்கு வர்றவர்கிட்ட நான் இதைச் சொல்லத்தான் போறேன்,” என்றாள் அண்ணி.

ஐஸ் பெட்டியை மூடும்போது வருமே, அந்த மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டது. மூன்று பேரும் திரும்பினார்கள். கதவு சாத்தியிருந்தது. கூரையில் மைக்கின் பச்சை விளக்கு அணைந்திருந்தது.

உள்ளிருந்து திறப்பதற்குக் கதவின் குறுக்கே ஒரு சிவப்புக் கம்பி உண்டு. கொழுந்தன் அதை அழுத்தினான். கம்பி இறங்கியது, கதவு அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினான். வெளிக் கைப்பிடியை யாரோ நகராமல் கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. கத்திப் பார்த்தார்கள். பஞ்சடைத்த சுவர் சத்தத்தை அப்படியே விழுங்கியது. கைப்பேசிகள் வாசலில் காவலாளியின் பெட்டியில் கிடந்தன. சோதனைக்கூடத்துக்குள் யாரும் கொண்டுவரக் கூடாது, மேனேஜர் உட்பட. எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல ஒரு மணிச் சங்கு ஊதியது. எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள்.

“பரவாயில்லை, திங்கட்கிழமை காலையில வந்து திறப்பாங்க,” என்றான் கொழுந்தன். “சனி, ஞாயிறு லீவு எடுத்து ரொம்ப நாளாச்சு.”

அவன் சொல்லி வாய் மூடவில்லை, கூரையில் விசிறிகள் சுற்ற ஆரம்பித்தன. மேனேஜரின் முகம் சுண்ணாம்பாகியது. சனிக்கிழமை ஒன்றேகால் ஆனால் அறை தானாகவே குளிர்ச் சோதனைக்குத் தயாராகுமாம். மைனஸ் ஏழு. திங்கட்கிழமை காலைவரை அப்படியே நிற்கும். நிறுத்தும் பொத்தான் வெளியே இருக்கிறது.

பதினெட்டு. பதினொன்று. ஆறு. எண் பலகை யாரோ துரத்துவது போல இறங்கியது. மூன்று பேரும் காருக்குள் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டார்கள். முன்னால் கொழுந்தனும் அண்ணியும், பின்னால் மேனேஜர். மூச்சு கண்ணாடியில் படிந்து வெள்ளைச் சுவரும் தெரியாமல் போனது. கொழுந்தன் கையால் கண்ணாடியைத் துடைத்தான். லாரியில் ஒன்பது வருடம் இருந்தவன். கண்ணுக்கு எட்டியவரை சாலை தெரிந்துகொண்டே இருக்க வேண்டும் அவனுக்கு. இந்தப் பெட்டிக்குள் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு பெட்டி. பற்கள் அடித்துக்கொள்ளத் தொடங்கின. அண்ணி கைகளை அக்குளில் வைத்துக்கொண்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஐம்பத்து மூன்று வயது, போன வருடம் நிமோனியாவில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். அண்ணனிடம் போய் நான் என்ன பதில் சொல்வேன் என்று நினைத்தபோது அவனுக்குக் குளிரை மீறி வியர்த்தது.

“இன்ஜினைப் போட்டா ஹீட்டர் வருமே,” என்று சாவியைத் தொட்டான்.

கார்ப் புகையில் அரை மணியில் மூச்சு முட்டிச் செத்துவிடுவோம் என்றார் மேனேஜர். அண்ணி மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

“புகையை வெளிய இழுக்கத்தானே பின்னால அந்தக் குழாய்? பதினோரு வருஷம் இந்த ரூம்ல இருக்கீங்க. நாங்க வந்து ஒரு மணி நேரம்கூட ஆகலை. தப்பிக்க நாங்க என்னென்னமோ யோசிக்கிறோம், நீங்க ஒரு வழிகூடச் சொல்லலை. குளிர்ல சாகறதைவிட எதுக்கோ நீங்க அதிகமா பயப்படறீங்க, சார்.”

கொழுந்தன் சாவியைத் திருகினான். இன்ஜின் பிடித்துக்கொண்டது. பின்னால் குழாய் உறுமிப் புகையை இழுத்தது. மேனேஜர் தடுக்கவில்லை. ஹீட்டரைத் திருப்பிவிட்டு, கூரை விளக்கு கண்ணில் அடிக்கிறதே என்று கொழுந்தன் வெயில் மறைப்பைக் கீழே இழுத்தான். அதன் பின்னால் சொருகி வைத்திருந்த ஒரு சின்ன ரிமோட் மடியில் விழுந்தது. அந்த நொடியே பின் சீட்டிலிருந்து மேனேஜரின் கை பாய்ந்து வந்தது. கொழுந்தன் அதைவிட வேகமாக ரிமோட்டை அண்ணியிடம் எறிந்தான்.

“சாவியைத் திருகினப்போ சும்மா இருந்தீங்க,” என்றாள் அண்ணி. “இதைத் தொட்டதும் பாயறீங்க. இது என்ன?”

அண்ணியே பதிலும் சொன்னாள். இது உருளைகளை ஓடவிடும் ரிமோட். உருளை ஓடினால் எங்கேயோ யாருக்கோ தெரியும். அரசாங்கம் மைலேஜ் சோதனையை நம்பி விட்டுவிடாது, கண்காணித்துக்கொண்டே இருக்கும். மேனேஜர் குனிந்துகொண்டார். ஆமாம், உருளை சுற்றினால் எண்கள் நேரே தரச்சான்று அலுவலகத்துக்குப் போகும் என்று முனகினார். சோதனை டிரைவராக உரிமம் உள்ளவருக்கும் அதே நொடியில் போகும். உரிமம் ரோலருக்கு மட்டும்தான். ஓட்டாதீர்கள், தயவுசெய்து ஓட்டாதீர்கள் என்றார். வேறு ஏதாவது வழி யோசிப்போம் என்றார்.

கொழுந்தன் பொத்தானை அழுத்தி, கியரைப் போட்டு, கிளம்பினான்.

எங்கேயும் போகாத பயணம் அவனுக்கு அதுதான் முதல்தடவை. ஐம்பது, அறுபது, எண்பது. மூக்குக்கு முன்னால் சுவர். காலடியில் தரை உறுமியது. சாதாரணமாக ஓட்டினால் சோதனை நடக்கிறது என்று விட்டுவிடுவார்கள் என்பதால், யாரும் ஓட்டாத விதமாக ஓட்டச் சொன்னாள் அண்ணி. எண்பதுக்குப் போய் ஒரே மிதியில் நிறுத்தினான். மறுபடி எண்பது, மறுபடி நிறுத்தம். மூன்று தடவை வேகம், மூன்று தடவை நிறுத்தம், ஒரு நிமிடம் சும்மா. லாரிக்காரர்கள் சாலையில் ஆபத்து என்றால் விளக்கைப் போட்டு அணைப்பார்களே, அந்தக் கணக்கு. பலகை மைனஸ் நான்கு காட்டியது. ஹீட்டர் முழங்காலைச் சுட்டது, முதுகு விறைத்தது. அண்ணியின் தலை மெல்லச் சாயத் தொடங்கியது. தூங்காதீங்க அண்ணி, தூங்காதீங்க என்று அவன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் சொன்னான். தூங்கவில்லை, உன் டிரைவிங்குக்குப் பயந்து கண்ணை மூடியிருக்கிறேன் என்றாள் அவள். அவ்வளவு குளிரிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

எவ்வளவு நேரம் அப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்டபோது கதவு திறந்தது.

நான்கு நாள் தாடி, முழங்கைவரை கிரீஸ், கையில் ஒரு சின்னக் கத்தி. ரோலர். அவரே உள்ளே ஓடிவந்து அண்ணியைத் தாங்கி வெளியே அழைத்துப் போனார். கட்டுப்பாட்டு அறையின் வெப்பம் வெந்நீர் ஊற்றியது போல இருந்தது. சிநேகிதரின் ஒர்க்ஷாப்பில் இருந்தாராம். அங்கே பழைய வண்டிகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன, ஒரு ஆள் வந்தால் ஏன் வந்தாய் என்று கேட்கவே யாருக்கும் நேரமில்லை. ஒரு மணி நாற்பதுக்கு அவருடைய கைப்பேசி அலறியிருக்கிறது. அவர் ஓட்டாத வண்டி அவர் பெயரில் ஓடுகிறது. அதுவும் எந்தச் சோதனையிலும் இல்லாத ஓட்டம். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டு கூப்பிடுகிறான் என்று மூன்றாவது நிறுத்தத்திலேயே புரிந்துவிட்டதாம். உள்ளே ஆள் மாட்டியிருக்கிறார்கள் என்று காவலாளியிடம் கத்திவிட்டு, கைப்பேசியோடு ஓடிவந்திருக்கிறார்.

பேசிக்கொண்டே அவர் இடது கையில் இருந்ததைச் சட்டைப் பையில் திணித்தார். அண்ணி பார்த்துவிட்டாள்.

“கதவைக் கட்டியிருந்ததை அறுத்தீங்களே, அதைக் குடுங்க.”

ஏதோ கயிறு, கீழே போட்டுவிட்டேன் என்றார் அவர். கதவின் கைப்பிடியில் அறுபட்ட மிச்சம் ஒரு விரல் நீளம் தொங்கியது. கொழுந்தன் போய்ப் பார்த்தான். கயிறு இல்லை, நூல். கறுப்பு, தடித்தது, ஆள் தொங்கினாலும் அறாதது. ஏழெட்டுச் சுற்று சுற்றி, பிரியாமல் இருக்கக் கடைசியில் பூட்டுமுடிச்சு. கார் சீட்டின் ஓரங்களில் அந்த முடிச்சை அவன் ஆயிரம் முறை பார்த்திருக்கிறான். அவனுக்குச் சட்டென்று புரியவில்லை. ரோலரின் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. அந்த மனிதர் முடிச்சைக் கண்ட நொடியே யார் கை என்று தெரிந்துகொண்டுதான் பையில் ஒளித்திருக்கிறார்.

“மைக்ல எல்லாத்தையும் கேட்டிருக்காங்க,” என்றாள் அண்ணி. “நம்மளைக் கூப்பிட்டு வந்ததும் அவங்கதான், கட்டி வெச்சதும் அவங்கதான்.”

நடைபாதையில் ஓடிவரும் காலடி கேட்டது. செருப்பு ஒரு காலில் மட்டும் இருந்தது. ரோலரின் மனைவி வாசற்படியில் வந்து நின்று, முதலில் அண்ணியைப் பார்த்தாள், உயிரோடு இருக்கிறாள் என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் புருஷனைப் பார்த்தாள்.

“குளிரும்னு எனக்குத் தெரியாது, மேடம்,” என்றாள். “இப்பதான் காவலாளி சொன்னாரு, சனிக்கிழமை குளிர் ரூம்னு. கோப்பு போற வரைக்கும்தான்னு நெனச்சேன். நாலு மணிக்கு நானே வந்து திறந்து கால்ல விழுந்திருப்பேன்.”

இரண்டு மணிக்கு ஆள் வந்தார், மேனேஜர் கொடுக்கச் சொன்னார் என்று கோப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்றாள். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அக்காளும் அதே பிரிவில் தைக்கிறாள், இரண்டு வீட்டு அடுப்பும் அந்தக் குட்டிக் காரால்தான் எரிகிறது. இந்த மனுஷர் அதைத் தெரிந்துகொண்டே அளக்கப் போனாரா என்று கேட்டாள். ரோலர் தரையைப் பார்த்தபடி நின்றார்.

“அதனாலதான் உங்கிட்ட சொல்லலை. சொன்னா பொய் சொல்றதா, சோறு போடறதான்னு நீயும் என்னை மாதிரி மாட்டிக்குவே. நான் ஒருத்தன் மாட்டினா போதும்னு போயிட்டேன்.”

மேனேஜருக்கு மெல்ல உயிர் திரும்பியிருந்தது. கோப்பு போய்விட்டது என்ற சொல் அவரை நிமிர வைத்தது. சரி, நடந்தது நடந்துவிட்டது, கோப்பு முத்திரையோடு போய்ச் சேர்ந்திருக்கும், உங்கள் சாண் கணக்கை எந்த அலுவலகமும் ஏற்காது, எல்லோரும் வீட்டுக்குப் போவோம் என்றார். கதவு விஷயத்தையும் யாரும் கிளப்ப வேண்டாம் என்றார்.

ரோலர் கைப்பேசியை எடுத்து அண்ணியிடம் நீட்டினார். கொழுந்தன் ஓட்டிய ஓட்டம் வரிவரியாக இருந்தது. வேகம், நேரம், வெப்பநிலை. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு எண். சக்கரங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியை உருளைகளே அளந்து அனுப்பிக்கொண்டிருந்தன: 240, 240, 240. மற்ற நாட்களில் மேனேஜர் வெளியே உட்கார்ந்து அந்த இடத்தில் கையால் 252 என்று போடுவார். இன்று அவர் உள்ளே இருந்தார். கோப்பை வாங்க ஆள் வருவதற்கு முன்பே உண்மை தரச்சான்று அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதுவும் ஐம்பது நிமிடம் விடாமல்.

மேனேஜர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அவர் பயந்தது குளிருக்கு இல்லை என்று அண்ணி சொன்னது சரிதான்.

வாசலில் காவலாளி வந்து நின்றார். மேனேஜரை உள்ளே வைத்துப் பூட்டியது யார் என்று எழுத வேண்டும், போலீசுக்குச் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். ரோலரின் மனைவி ஒற்றைச் செருப்புக் காலோடு காவலாளியை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தாள். அண்ணி கொழுந்தனைப் பார்த்தாள். உள்ளே உட்கார்ந்து வண்டி ஓட்டியவன் நீ, நீ சொல் என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

“பழைய கதவுங்க,” என்றான் கொழுந்தன். “காத்துக்குத் தானா சாத்திக்கிச்சு.”

காவலாளி காற்றே இல்லாத அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். ரோலர், தானே நேரில் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பதாக அண்ணியிடம் சொன்னார்.

வெளியே பகல் வெயிலில் கண் கூசியது. கொழுந்தன் சுவரோரம் உட்கார்ந்து வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டிருந்தான். ரோலரின் மனைவி வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். லாரியைப் பற்றி அவன் பேசியதை அவள் மைக்கில் கேட்டிருந்தாள், அண்ணி அவனைப் பற்றி மீதியைச் சொல்லியிருந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து லாரி ஓட்டியவர் நீங்களா என்றாள். ஆமாம் என்றான்.

“வேலை போனப்போ என்ன பண்ணினீங்க?”

இந்த மாதிரிக் கேள்விக்கு அவனிடம் எப்போதும் நான்கு வேடிக்கைப் பதில் தயாராக இருக்கும். அவற்றை விட்டுவிட்டுச் சொன்னான்.

“மூணு மாசம் வீட்டுல யாருக்கும் சொல்லலை. தினமும் காலையில குளிச்சு, சாப்பாடு கட்டிக்கிட்டு, லாரி நின்ன இடத்துல போய் உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வருவேன். ஒருநாள் அண்ணி அங்கே வந்தாங்க. எதுவும் கேக்கலை. எங்கூட ஒரு வேலை இருக்கு, வர்றியான்னாங்க.”

பிறகு, “நீங்க திங்கட்கிழமை வீட்டுல உட்காராதீங்க,” என்றான் அவன். “எல்லாருக்கும் முதல்ல சொல்லிடுங்க. சொல்லாம இருக்கறதுதான் ரொம்பக் கஷ்டம்.”

அவள் எழுந்தாள். இருநூற்றுப் பதினோரு பேருக்கும் அவளே போய்ச் சொல்ல வேண்டும். முதலில் அக்காளிடம் போகலாம் என்று புருஷனிடம் சொன்னாள். ரோலர் தன் செருப்பைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, சுடும் தரையில் வெறுங்காலோடு கூடவே நடந்தார்.